மந்தையில் நின்ற காட்டெருது

சாமை கருகி, பாறைத் தேனடைகள் வெறும் மெழுகாகத் தொங்கி, மண்ணுக்குள் கிடந்த கிழங்கையும் பன்றிகள் எங்களுக்கு முந்தித் தோண்டித் தின்றுவிட்ட ஒரு வருஷத்தின் மாசி மாதத்தில், எங்கள் கடுக்காய்வளவைச் சேர்ந்த சின்னாண்டி ஒரு காட்டெருதை எய்தான், அந்த எருது சாகவில்லை, அதனால் நாங்கள் பிழைத்தோம்.

சின்னாண்டிக்கு அப்போது இருபத்தாறு வயசு. ஆள் ஒல்லி, பேச்சு குறைவு, நாண் இழுத்து இழுத்து வலது தோள் மட்டும் வேறு யாருடையதோ போலப் புடைத்திருக்கும். நாற்பது வீட்டு ஊரில் வில் எடுப்பவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். அவனுடைய மூங்கில் வில்லை மற்ற பதினொரு பேரும் பாதிவரைதான் வளைக்க முடிந்தது. அவன் பெண்டாட்டி சீரங்காயிக்கு அது ஏழாம் மாதம்.

எங்கள் மலையில் வேட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. எவனுடைய அம்பு ஒரு விலங்கின் உடம்பில் நிற்கிறதோ, அவன் அந்த விலங்கின் மூச்சு அடங்கும்வரை கூரைக்குக் கீழே படுக்கக் கூடாது, பெண்டாட்டியைத் தொடக் கூடாது, அதன் கறியை வாயில் வைக்கக் கூடாது. கூழும் தண்ணீரும் குடித்துக்கொண்டு அது போகிற வழியெல்லாம் போய், அது சாகும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். குத்துப்பட்ட உயிரைக் காட்டில் விட்டுவிட்டு வந்து ஒருவன் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது என்று யாரோ நல்ல மனசுக்காரர்கள் எந்தக் காலத்திலோ வைத்த சட்டம் அது. பெரும்பாலும் ஒரு பகலில் முடிந்துவிடும், மிஞ்சினால் இரண்டு பகல்.

அன்றைக்குச் சின்னாண்டியும், சீரங்காயியின் அண்ணன் மாதையனும், வெயில் ஏறும் நேரத்தில் உப்புமண் ஓடைக்கு மேலே ஒரு வேங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். காட்டெருதுகள் மண்ணை நக்க அங்கே இறங்கும். மாதையன் மடியிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து விரலிடுக்கில் உதிர்த்துப் பார்த்தான். சாம்பல் அவர்கள் முகத்துக்கே திரும்பி வந்தது.

“காத்து நம்ம பக்கந்தான் அடிக்குது மாப்ள. வந்தா நம்ம வாசம் அதுக்குத் தெரியாது.”

“வந்தாத்தானே” என்றான் சின்னாண்டி.

வந்தது. கூட்டமில்லாமல் ஒற்றையாக வந்தது. எண்ணெய் பூசியது போல மின்னும் கறுப்பு உடம்பும், முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தது போல வெளுத்த கால்களும், முதுகின் மேல் ஒரு மலைமுகடும், இரண்டு ஆள் கையை விரித்தாலும் எட்டாத கொம்புமாக அது புதரை விலக்காமலே புதருக்குள்ளிருந்து வந்து நின்று, மண்ணை நக்கத் தொடங்கியது. அவ்வளவு பெரிய எருதை மாதையன் அதற்கு முன் பார்த்ததில்லை. இருபது அடி தூரம். அதன் முன்னங்கால் ஒரு எட்டு முன்னால் போய், முன்சப்பைக்குப் பின்னால் விலா தெரியும்வரை சின்னாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான், தெரிந்ததும் விட்டான். ஈரத்துணியைப் பாறையில் அறைந்தது போல ஒரு சத்தம் கேட்டது.

எருது துள்ளவில்லை, ஓடவில்லை. கழுத்தைத் திருப்பி, ஈ உட்கார்ந்த இடத்தைப் பார்ப்பது போல அம்பைப் பார்த்தது. பிறகு வேங்கை மரத்தடியைப் பார்த்து, சின்னாண்டியை ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் பார்த்துவிட்டு, நடந்து போனது.

“பட்டுச்சா?” என்றான் மாதையன்.

“எறகு மட்டுந்தான் மச்சான் வெளிய நிக்குது.”

“அப்புறம் ஏன் ஓடல?”

சின்னாண்டிக்கும் தெரியவில்லை.

இரத்தத்தில் நுரை இருந்தது. நுரை இருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கிறது, அரை நாழிகைக்குள் படுத்துவிடும் என்று அர்த்தம். படுக்கவில்லை. முதல் நாள் மூங்கில் காட்டைத் தாண்டியது, இரண்டாம் நாள் ஆற்றைத் தாண்டியது, மூன்றாம் நாள் புல்மேட்டில் வெயிலில் நின்றது, நான்காம் நாள் திரும்பியது. மாதையன் இரண்டாம் நாளே ஊருக்கு வந்துவிட்டான், அவன் அம்பு இல்லை, அவனுக்குச் சட்டம் இல்லை. சின்னாண்டி ஒரு சுரைக்குடுக்கைக் கூழோடு அதன் பின்னாலேயே நடந்தான், அது நின்றபோது நின்றான், அது தண்ணீர் குடித்தபோது கொஞ்சம் மேலே தள்ளித் தண்ணீர் குடித்தான், ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் அதன் வால் எங்கள் பூசணி வேலிக்குள் நுழைவதைப் பார்த்தான்.

ஊர்நடுவே இருக்கும் மந்தைவெளிக்கு அது வந்து, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. நாய்கள் குரைக்கவில்லை. நாங்கள் வீடுகளிலிருந்து வந்து சுற்றி நின்றோம், எங்கள் மூப்பர் திம்மராயன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வந்தார். அது விழுவதற்காக எல்லோரும் காத்திருந்தோம். அன்று விழவில்லை. மறுநாளும் விழவில்லை. மூன்றாம் நாள் காலை மாதையன் கோடாரியால் அதன் கழுத்தில் மூன்று போடு போட்டான். கோடாரி இறங்கியது, ஏறியது, எருது தோலைச் சிலிர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பெண்கள் சட்டிகளோடு வந்திருந்தார்கள். நாங்கள் பதினேழு நாளாகப் புளிய இலையும் ஆலம்பழமும் தின்றுகொண்டிருந்தோம். சீரங்காயிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, மாதையன் இடுப்பிலிருந்த கொடுவாளை உருவினாள்.

“அது சாகறப்ப சாகட்டும்” என்றாள். “என் வயித்துல இருக்கறது காத்திருக்காது.”

“சீரங்கா, உசுரோட அறுக்காத” என்றான் சின்னாண்டி. அவன் எருதுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். “மூப்பரே, சொல்லுங்க. உசுரோட இருக்குது அது.”

மூப்பர் யோசித்தார். நியாயமான மனுஷர், எதையும் யோசிக்காமல் சொல்லமாட்டார். “எய்தவன் என்ன பண்ணக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது” என்றார். “மத்தவங்க என்ன பண்ணக் கூடாதுன்னு அதுல ஒண்ணும் இல்லயே, அப்பா.”

சீரங்காயி பின்தொடையில் ஒரு கை அகலத்துக்கு அறுத்தாள். அன்று மத்தியானம் நாற்பது வீட்டிலும் புகை வந்தது. மறுநாள் காலை வந்து பார்த்தபோது அறுத்த இடத்தில் சதை நிறைந்து, தோல் மூடி, மயிர்கூட முளைத்திருந்தது. எருது நின்றுகொண்டிருந்தது. சின்னாண்டி உட்கார்ந்துகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பழகிக்கொண்டோம். எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டோம் என்று இப்போது நினைத்தால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஒரு மழை மூன்று நாள் பெய்தால்கூட மனுஷன் அதற்குப் பழகிக்கொள்கிறான். தினமும் வெயில் ஏறியதும் அறுப்பு. யார் வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று முதல் மாதம் சண்டை வந்தது. மூப்பர் முறை வைத்தார், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈரலை ஒட்டிய சதை, பல் போனவர்களுக்கு விலாப்பக்கம், நாய்களுக்கு ஒரு பங்கு. எருது கத்தவில்லை. ஆனால் அறுக்கும்போது அதன் மூக்கிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வரும், விசில் போல, முடிவே இல்லாதது போல. அது கேட்கும்போது சின்னப் பிள்ளைகள் அழுதார்கள், அதனால் பெண்கள் அறுப்பு நேரத்துக்கு ஒரு பாட்டுக் கட்டினார்கள், மாதையன் பறை எடுத்தான், பிறகு அந்த மூச்சு யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளைகள் அழுவதை விட்டுவிட்டு அந்தப் பாட்டுக்கு ஆடக் கற்றுக்கொண்டன.

அடுத்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, ஆனால் சாமை விதைக்க யாரும் போகவில்லை. வில்களில் பெண்கள் ஈரச்சேலை காயப்போட்டார்கள், நாண்களை அவிழ்த்துக் கட்டில் பின்னினார்கள். நாய்கள் கொழுத்து, நடக்கச் சோம்பி, மந்தையோரம் படுத்தபடியே வாலாட்டின. கீழே இருக்கிற ஊர்களிலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். முன்பெல்லாம் கடுக்காய்வளவு என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள், இப்போது பெண்ணைப் பெற்றவர்கள் வேலிக்கு வெளியே மூன்று நாள் காத்திருந்து மூப்பரைப் பார்த்தார்கள். கல்யாணங்கள் மந்தையிலேயே நடந்தன. மாப்பிள்ளையும் பெண்ணும் எருதைச் சுற்றி வந்து, அதன் கொம்பில் மாலை போட்டு, பிறகு ஆளுக்கொரு கீறல் அறுத்து ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டார்கள். சின்னாண்டியையும் சேர்த்துத்தான் சுற்றி வந்தார்கள், அவன் அங்கேயே உட்கார்ந்திருந்ததால்.

அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. முதல் மாதத்திலேயே ஒரு நாள் தன்னிடம் இருந்த அம்பு அத்தனையையும் எருதின் மேல் விட்டான், நெஞ்சில், கண்ணில், தொண்டையில். காலையில் பார்த்தால் எல்லாம் தரையில் உதிர்ந்து கிடந்தன, கண் பழையபடி முழித்துக்கொண்டிருந்தது, முதல் அம்பு மட்டும் அதே இடத்தில் நின்றது. அதைப் பிடுங்கப் பார்த்தான். காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அது மரத்தில் கிளை போல அங்கேயே இருந்தது. விஷயம் தெரிந்ததும் மாதையன் வந்து அவன் வில்லை வாங்கிக்கொண்டு போனான்.

“எதுக்கு மாப்ள உனக்கு இந்த வேலை?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. “ஊரே வயிறு நெறஞ்சு தூங்குது. உன்னாலதான். உனக்கு அது தெரியலயா?”

“நான் வீட்டுக்குப் போவணும் மச்சான்.”

“போலாம். அது செத்ததும் போலாம்.”

இரண்டாவது மாதம் சீரங்காயிக்குப் பெண் குழந்தை பிறந்தது, வரதி என்று பெயர் வைத்தாள். சாகக் கிடக்கிற விலங்குக்குப் பக்கத்தில் கைக்குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது என்று பெண்கள் சொன்னதால், முதல் வருஷம் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மந்தையின் ஓரத்தில், முப்பது அடி தள்ளி, நின்று காட்டுவாள். சின்னாண்டி எழுந்து நின்று பார்ப்பான். அடுத்த வருஷம் குழந்தை தானே நடந்து வந்தது. ஆனால் அதற்குள் ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் அவனை மந்தைக்காரர் என்று கூப்பிடப் பழகியிருந்தார்கள். வரதியும் மந்தைக்காரரே என்றுதான் கூப்பிட்டாள். அவன் அவளுக்குப் புல்லில் மாடு செய்து கொடுப்பான். அவள் அதன் தொடையைப் பிய்த்து, எல்லாருக்கும் பங்கு வைத்து விளையாடுவாள்.

நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் சின்னாண்டிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கூழ் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அறுப்புக்கு வந்த பெண்கள் பாடாமல் நின்றுவிட்டார்கள்: முந்தின நாள் அறுத்த இடம் மூடவில்லை. சிவந்து, ஓரம் கறுத்து, ஈ மொய்த்தது. எருது முதல்முறையாகப் பின்னங்காலை மடித்துத் தளர்ந்து நின்றது. மூப்பர் எருதைப் பார்த்தார், கீழே சேற்றில் பல் கிட்டிக் கிடந்த சின்னாண்டியைப் பார்த்தார், மறுபடி எருதைப் பார்த்தார்.

“அடேய்” என்றார், மெதுவாக. “இவன் காத்திருக்கறதாலதான்டா அது நிக்குது.”

எங்கள் ஊரில் ஒரு மனுஷனை அப்படி யாரும் கவனித்துக்கொண்டதில்லை. தேன் வந்தது, கோழிமுட்டை வந்தது, நிலவேம்பு வந்தது, யாரும் தொடாமல் வைத்திருந்த கம்பளி வந்தது. கூரை போட முடியாது, சட்டம் விடாது; அதனால் நாலு பக்கமும் தட்டி கட்டினோம், மழை பெய்தபோது ஆள் மாற்றி ஆள் அவன் தலைக்கு மேல் தேக்கிலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம், கையில் பிடித்தது கூரை இல்லை என்று மூப்பர் சொன்னார். ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எட்டாம் நாள் எருதின் காயம் மூடியது. ஒன்பதாம் நாள் அவன் வலது கணுக்காலில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை எருதின் கழுத்தில் கட்டினோம். ஓடிவிடுவான் என்று இல்லை. தவறி எங்கேயாவது பள்ளத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான்.

ஆனால் மூப்பர் கண்டுபிடித்ததைச் சின்னாண்டியும் கேட்டிருந்தான். உடம்பு தேறியதும் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். இரண்டு நாள் பார்த்தோம். பிறகு மாதையனும் வேறு நாலு பேரும் அவனைப் பிடித்துப் படுக்கவைத்து, பல்லிடுக்கில் மூங்கில் குழலைச் செருகிக் கூழை ஊற்றினார்கள். முதலில் கக்கினான். பிறகு கக்காமல் இருக்கும்படி பிடித்துக்கொள்ள நாங்கள் கற்றுக்கொண்டோம். அறுப்பு முடிந்ததும் ஊட்டு என்று அதுவும் தினசரி வேலையில் ஒன்றாகிவிட்டது. அதற்கும் பெண்கள் அதே பாட்டைத்தான் பாடினார்கள், தனியாக ஒன்று கட்டவில்லை.

இப்படி மூன்று வருஷம் போனது. ஏழாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், ஊட்ட வருபவர்களுக்கு முன்னால் சீரங்காயி தனியாக வந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள், முகம் மினுமினுவென்று இருந்தது. எங்கள் எல்லோர் முகமும் அப்படித்தான் இருந்தது. அவன் பக்கத்தில் குந்தி, அவன் தாடியில் ஒட்டியிருந்த காய்ந்த கூழைச் சுரண்டி எடுத்தாள்.

“சீரங்கா” என்றான். “எனக்கு ஒண்ணு செய்வியா?”

“சொல்லு மாமா.”

“எட்டிக்கொட்டை நாலு அரைச்சுக் கூழ்ல கலந்து கொண்டா. உங்கையால குடு, நான் மூஞ்சி சுளிக்காம குடிக்கறேன். எனக்கும் போதும், அதுக்கும் போதும்.”

அவள் எருதை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைய அறுப்பு அதன் விலாவில் சிவப்பாகத் திறந்திருந்தது. அவள் அழுதாள். நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம், உண்மையாகவே அழுதாள், மூக்கைச் சேலைத் தலைப்பில் சிந்தினாள்.

“கொண்டு வரேன்” என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு மண்கலயத்தில் கொண்டுவந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். ஏழு வருஷத்தில் அவன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். எருதின் முன்னங்காலை ஒரு முறை தடவினான். பிறகு கலயத்தை வாங்கி, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தான். குடித்து முடித்துக் கலயத்தைக் கீழே வைத்ததும் அவன் முகம் மாறியது, நாக்கால் மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்தான்.

“கசக்கலயே” என்றான்.

“கசக்காது மாமா. எட்டி போடல. சாறு ஊத்தினேன்.”

“என்ன சாறு?”

அவள் கலயத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எருதின் விலா எலும்பை ராத்திரி முழுக்கக் கொதிக்கவைத்து இறக்கிய சாறு அது. பத்து நாள் குடித்தால் படுத்த கிழவன் எழுந்து நடப்பான், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சட்டம் கறியைத்தான் சொல்கிறது, சாற்றைச் சொல்லவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

“நீ செத்துட்டா வரதி என்னா திம்பா?” என்றாள் சீரங்காயி. “காட்டுல எய்றதுக்கு இந்த ஊர்ல யாருக்குக் கை இருக்குது? எளச்சிப் போயிட்ட மாமா, நீ இப்படியே போனா ரெண்டு வருசம் தாங்கமாட்ட. தெம்பா இரு. வரதிக்குக் கல்யாணம் ஆவட்டும், அவ ஒரு எடத்துல போய்ச் சேரட்டும். அன்னிக்கு நானே அரைச்சுத் தரேன். எங்கொழந்த மேல சத்தியம்.”

அவன் விரலைத் தொண்டைக்குள் விட்டுக் கக்கப் பார்த்தான். வரவில்லை. ஏழு வருஷம் கூழ் மட்டும் குடித்த உடம்பு அந்தச் சாற்றை உள்ளே பிடித்து இழுத்துக்கொண்டது, விடவில்லை.

மறுநாள் காலை எருதின் காயம் மூடவில்லை. அதற்கு மறுநாளும் மூடவில்லை. சின்னாண்டி நன்றாக இருந்தான், முன்பைவிட நன்றாக இருந்தான், கன்னத்தில் ஒரு நிறம்கூட வந்திருந்தது. மூப்பர் வந்து அவன் முன்னால் நின்றார்.

“என்னடா பண்ண?”

“தின்னுட்டேன்” என்றான் சின்னாண்டி. சொல்லிவிட்டுச் சிரித்தான். “உங்க சட்டம் முடிஞ்சுது மூப்பரே. காத்திருக்கறப்பவே தின்னுட்டேன். நான் இனிமே அதுக்கு ஆரும் இல்ல. அவுத்து உடுங்க.”

மூப்பர் யோசித்தார். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். சின்னாண்டி எழுந்து, கால் பின்னிப் பின்னி, யாரையும் பார்க்காமல் மந்தையைக் கடந்து, தன் வீட்டுக் குனிவாசலில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே போய், கூரைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வரதி அடுப்பு மூலையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, மந்தைக்காரர் நம்ம ஊட்டுக்குள்ள வந்திருக்காரு.”

“நான் உங்கப்பன் சாமி” என்றான் அவன். அவள் நம்பவில்லை. ஆனாலும் அவன் கையை நீட்டியபோது ஓடவில்லை, வந்து அவன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள். மத்தியானம்வரை அவன் அப்படியே உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எருது விழும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தான்.

மத்தியானம் மூப்பரும் மாதையனும் எங்களில் பத்துப் பதினைந்து பேரும் அவன் வாசலுக்கு வந்தோம். எருதுக்குப் புது அம்பு வேண்டும், புது ஆள் வேண்டும் என்று மந்தையில் பேசி முடித்திருந்தோம். யார் எய்வது என்று மூப்பர் கேட்டபோது ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். எய்தவன் கூரைக்குக் கீழே படுக்க முடியாது, கறி தின்ன முடியாது. ஏழு வருஷம் பார்த்திருக்கிறோம். பிள்ளை பெற்ற பெண் வில்லைத் தொடக் கூடாது, அதுவும் சட்டம். அப்போதுதான் வயசுக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்களே என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை, ஒருவேளை நானாகக்கூட இருக்கலாம். அந்தப் பேச்சு பரவியதும் ஊரில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. சீரங்காயி தன் வீட்டுக் கதவைச் சாத்தவில்லை. அவள் புருஷன் வீடு திரும்பியிருந்தான், அவனுக்காகத் தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போயிருந்தாள்.

“உன் அம்பு” என்றார் மூப்பர் வாசலில் நின்று. “உம் பொண்டாட்டி குடுத்த சாறு. ஊர்ல வேற எந்த ஊட்டைக் கேக்கறது, நீயே சொல்லு.”

சின்னாண்டிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தவழ்ந்து வந்து மூப்பர் காலைப் பிடித்துக்கொண்டான். “நான் எய்றேன். நானே எய்றேன் மூப்பரே. மறுபடியும் கட்டிப் போடுங்க. நூறு வருசம் ஒக்காறேன். கூழு போதும்.”

அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தோம். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. மாதையன் வில்லைக் கொண்டுவந்து நாண் பூட்டிக் கொடுத்தான். சின்னாண்டி இழுத்து, பழைய அம்புக்கு ஒரு விரல் பக்கத்தில் விட்டான், நன்றாகத்தான் இறங்கியது. அன்றைக்கு அவனே மந்தையில் படுத்தான், அவனே கயிற்றை எடுத்துக் காலில் கட்டிக்கொண்டான். காலையில் அவன் அம்பு தரையில் கிடந்தது. பழைய அம்பும் அதன் பக்கத்திலேயே உதிர்ந்து கிடந்தது. எருது முன்னங்காலிலும் தளர்ந்துவிட்டது, காயங்களில் புழு வைத்திருந்தது.

வரதியை மாதையன்தான் தூக்கி வந்தான், தாய்மாமன் என்பதால். சீரங்காயி அவன் முதுகில் அறைந்துகொண்டே வந்தாள், “அண்ணா, அண்ணா” என்பதைத் தவிர வேறொன்றும் அவள் வாயில் வரவில்லை. பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னாண்டியை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், ஊட்டும்போது பிடித்துப் பழகிய அதே நாலு பேர். சின்ன வில் ஒன்று மூங்கிலை வளைத்து அப்போதே செய்தோம். வரதி அழவில்லை. விளையாட்டு என்று நினைத்தாள். மாமன் அவள் பின்னால் மண்டியிட்டு, அவள் இடக்கையை வில்லிலும் வலக்கையை நாணிலும் வைத்து, தன் கைகளை அவள் கைகளுக்கு மேல் வைத்து, “இழு கண்ணு, இழு, ஆ… இப்ப உடு” என்றான். அம்பு ஒரு விரல் ஆழம்தான் இறங்கியது. எருது தோலைச் சிலிர்த்துக்கொண்டது. “பட்டுச்சு!” என்று வரதி கைதட்டினாள்.

மறுநாள் காலை காயங்கள் மூடியிருந்தன.

அன்று அறுப்பு நன்றாக வந்தது. மந்தையில் பாட்டுச் சத்தம் கேட்டது, நாற்பது வீட்டிலும் புகை எழுந்தது. சின்னாண்டி வீட்டுக்கு இனி அவனுக்கும் சேர்த்து ஒரு பங்கு என்று மூப்பர் முறை மாற்றினார். சீரங்காயி அதை வாங்கிக்கொண்டு போய்ச் சமைத்தாள். சின்னாண்டி முதல் நாள் தொடவில்லை, இரண்டாம் நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் அவனுக்குப் பசித்தது.

சீரங்காயிதான் மத்தியானம் மகளுக்குக் கூழ் கொண்டுபோனாள். கயிறு சின்னது, கணுக்கால் புண்ணாகாமல் இருக்கத் துணி சுற்றிக் கட்டியிருந்தோம்.

“எனக்குக் கறி?” என்றாள் வரதி.

“அது செத்ததும் தரேன் கண்ணு.”

“எப்ப சாகும்?”

சீரங்காயி கலயத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வரதி கூழைக் குடித்தாள். பிறகு கல்லின் மேல் ஏறி நின்று, எருதின் தொங்கும் காதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, அதற்குள் வாயை வைத்து, பிடிவாதம் பிடிக்கிற ஒரு சின்னத் தம்பியிடம் பேசுவது போல நைச்சியமாகக் கேட்டாள்: “செத்துப் போயேன் சாமி. நாளைக்காச்சும் செத்துப் போயேன்.”

பதினோரு வருஷம் தினமும் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.